பாட்டில் மாறினால் ரைஃபிள் காலி! அமெரிக்க கராஜ்களில் தோட்டா மருந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

யூடியூபில் ஒரு முறையாவது இப்படி ஒரு வீடியோ உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊர். கார் நிறுத்தும் கராஜின் மூலையில் ஒரு மர மேஜை. மேஜையில் எலுமிச்சை பிழியும் கருவிக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு இரும்பு பிரஸ். ஒருவர் காலியான பித்தளைக் கூட்டை அதில் வைத்து நெம்புகோலை இழுக்கிறார். கொஞ்சம் மருந்தைக் கொட்டுகிறார். மேலே ஒரு குண்டை வைத்து மறுபடியும் இழுக்கிறார். அவ்வளவுதான், ஒரு புதுத் தோட்டா ரெடி!

இதற்குப் பெயர் 'ரீலோடிங்'. ஒரு முறை சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப்போடாமல், புதிய ப்ரைமர், புதிய மருந்து, புதிய குண்டு வைத்து மறுபடியும் பயன்படுத்துவது. அங்கே வேட்டைக்குப் போகிறவர்களும், இலக்கு பார்த்துச் சுடும் போட்டிகளில் இறங்குகிறவர்களும் பல தலைமுறைகளாகச் செய்யும் வேலை. தங்கள் ரைஃபிளுக்கென்றே அளந்து செய்யும் தோட்டா கடைச் சரக்கைவிடத் துல்லியமாகப் போகும் என்பது முதல் காரணம். கடையில் கிடைக்காத பழைய ரகத் துப்பாக்கிகளுக்கு வேறு வழியில்லை என்பது இரண்டாவது காரணம். காசு மிச்சமாகும் என்றும் சொல்வார்கள். அதை மட்டும் அவர்கள் வீட்டு அம்மணிகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்!

மேலே போவதற்கு முன் ஒன்று. இது அமெரிக்கக் கதை. நம் ஊரில் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது கடும் குற்றம். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. எனவே, டெக்சாஸிலோ மொன்டானாவிலோ செட்டிலாகி இந்தப் பொழுதுபோக்கில் இறங்கப்போகும் சித்தப்பா பையனுக்கு இதை ஃபார்வர்டு செய்யுங்கள். மற்றவர்கள், அந்த வீடியோவில் அவர் கொட்டுகிற கறுப்புத் துகளுக்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

அந்தத் துகள்தான் இங்கே விஷயம். அமெரிக்கக் கடை அலமாரியில் ரைஃபிள் பவுடர் மட்டுமே பல டஜன் ரகங்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். புதிதாக வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எது பவர் அதிகம்?"

கேள்வியே தப்பு.

ஓலையா, புளியங்கட்டையா?

விறகு அடுப்பு பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த தென்னை ஓலையைத் திணித்தால் குப்பென்று எரிந்து அடுத்த நிமிடம் சாம்பல். அதே எடைக்குப் புளியங்கட்டையை வைத்தால் நின்று நிதானமாக எரியும். தோசைக்கல் சூடாக ஓலை போதும். அண்டாவில் நெல் அவிக்கக் கட்டைதான் வேண்டும். இரண்டில் எது 'பவர்ஃபுல்' என்று யாராவது கேட்பார்களா? என்ன சமையல் என்றுதானே கேட்போம்.

தோட்டா மருந்தும் அப்படித்தான். ரகத்துக்கு ரகம் மாறுவது முக்கியமாக அது எரியும் வேகம். கைத்துப்பாக்கியின் குழல் சில அங்குலம்தான். குண்டு வெளியேறுவதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும், அதனால் அதற்கு ஓலை ரகம். ரைஃபிளின் குழல் நீளம், கூட்டுக்குள் இருக்கும் மருந்தும் அதிகம், குண்டும் பெரும்பாலும் கனம். குண்டு குழலுக்குள் ஓடஓட, அதன் பின்னால் இடமும் விரிந்துகொண்டே போகும். விரியும் அந்த இடத்தைத் தொடர்ந்து நிரப்பிக்கொண்டே தள்ள வேண்டும். அதற்குக் கட்டை ரகம்.

சரி, கட்டை போட வேண்டிய இடத்தில் ஓலையைப் போட்டால்? ரைஃபிள் கூட்டில் கைத்துப்பாக்கி மருந்தை நிரப்பினால், குண்டு நகரத் தொடங்குவதற்குள் மொத்த மருந்தும் வாயுவாகிவிடும். .308 வின்செஸ்டர் என்ற பிரபலமான ரைஃபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பான 'சாமி' வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. உங்கள் கார் டயரில் இருப்பது 32 பி.எஸ்.ஐ சுமார். ஏறக்குறைய 2,000 மடங்கு! இது முறையாகச் செய்த தோட்டாவின் கணக்கு. மருந்து மாறினால் இந்த எண் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எஃகு பிளக்கும். அதைப் பிடித்திருப்பவரின் முகம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிவகாசி மருந்து வேறு, இது வேறு

பட்டாசில் இருக்கும் கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கலவை. பல நூறு ஆண்டுகள் துப்பாக்கிகளும் அதில்தான் சுட்டன. நாலு பேர் சேர்ந்து சுட்டால் எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாத அளவுக்குப் புகை. 1884-ல் பிரான்ஸைச் சேர்ந்த பால் வியேல் என்ற வேதியியலாளர் நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டு, கிட்டத்தட்டப் புகையே இல்லாத மருந்தை உருவாக்கினார். பஞ்சு போன்ற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தினால் கிடைப்பது நைட்ரோசெல்லுலோஸ். அதைக் கரைப்பானில் குழைத்து, விரும்பிய வடிவத்துக்கு நறுக்கிக் காயவைக்கலாம். துகளின் அளவையும் வடிவத்தையும் மேல்பூச்சையும் மாற்றினால் எரியும் வேகத்தையும் மாற்றலாம். இன்றைக்கு அலமாரியில் இருக்கும் அத்தனை ரகங்களும் இந்த ஒரு சூட்சுமத்தின் பிள்ளைகள்.

அடுத்த சில ஆண்டுகளில் ஆல்ஃபிரெட் நோபல் நைட்ரோசெல்லுலோஸோடு நைட்ரோகிளிசரினையும் சேர்த்தார். பிரிட்டிஷ்காரர்கள் 1889-ல் அதே பாணியில் 'கார்டைட்' என்ற மருந்தைச் செய்தார்கள். சேமியா மாதிரி நீள நீளமான இழைகளாக இருக்கும். ஊட்டி மலை ரயிலில் போனவர்களுக்கு அரவங்காடு ஸ்டேஷன் நினைவிருக்கும். அங்கே இருக்கும் 'கார்டைட் ஃபேக்டரி'க்குப் பெயர் வந்தது இந்தச் சேமியாவால்தான்!

நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் இருந்தால் 'சிங்கிள் பேஸ்', நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் 'டபுள் பேஸ்'. டபுள் பேஸில் ஆற்றல் கொஞ்சம் அதிகம். ஆனால் சூடும் அதிகம், அதனால் குழலின் தொண்டைப்பகுதி சீக்கிரம் அரிக்கலாம்.

பெயரில் ஒரு கண்ணிவெடி

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்திடம் மலைமலையாக மருந்து மிஞ்சியது. கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அதில் 4895 என்ற எண் கொண்ட மருந்தை வாங்கி, வேட்டைக்காரர்களுக்குச் சில்லறையாக விற்கத் தொடங்கினார். எம்-1 கேரண்ட் ரைஃபிளின் .30-06 தோட்டாவுக்காக உருவான மருந்து அது. அப்படித் தொடங்கிய ஹாட்ஜ்டன் கம்பெனி இன்றைக்கு அந்தச் சந்தையின் பெரிய பெயர்களில் ஒன்று.

பிரச்னை எங்கே வந்தது என்றால், எண்ணில். 4895 முதலில் டுபாண்ட் கம்பெனியின் 'ஐ.எம்.ஆர்' வரிசையில் ஒரு எண். மிச்சச் சரக்கைப் பிரபலப்படுத்திய ஹாட்ஜ்டனும் அதே எண்ணைத் தன் பாட்டிலில் வைத்துக்கொண்டது. இன்றைக்குக் கடையில் ஐ.எம்.ஆர் 4895-ம் உண்டு, எச் 4895-ம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. 4350-லும் இதே கதை. அதில் 'ஆக்யுரேட்' என்ற பிராண்டின் 4350 மூன்றாவதாக வேறு!

இதில் மோசமான ஜோடி 4831. ஹாட்ஜ்டன் விற்ற மிச்சச் சரக்கு 4831 மெதுவாக எரியும். பிறகு, 1970-களில் டுபாண்ட் தன் 4831-ஐச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது அதைவிட வேகம். எண் ஒன்றுதானே என்று பழைய அளவையே புதிய மருந்துக்கும் போட்டால், அழுத்தம் எல்லை தாண்டிவிடும். எனவே பாட்டில் லேபிளில் எண்ணை மட்டும் படித்தால் போதாது. எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும், மேலே இருக்கும் கம்பெனி பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அமேசானில் சார்ஜர் வாங்கும்போது டைப்-சி இருக்கா என்று பார்ப்பதைவிட இதில் கவனம் தேவை. அங்கே தப்பினால் ரிட்டர்ன் பண்ணலாம்.

அப்போ எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?

அனுபவசாலிகள் கடைக்குப் போவதற்கு முன் செய்வது ஒன்றே ஒன்று. ரீலோடிங் மேனுவலைத் திறப்பார்கள். லைமன், ஹார்னடி, சியாரா, நோஸ்லர் என்று பல கம்பெனிகள் தடித்தடியாகப் புத்தகம் போடுகின்றன. மருந்து கம்பெனிகள் தங்கள் இணையதளத்திலேயே இலவசமாகத் தகவல் தருகின்றன. எந்தத் தோட்டா, எத்தனை எடைக் குண்டு, எந்த மருந்து, ஆரம்ப அளவு என்ன, உச்ச அளவு என்ன... எல்லாமே ஆய்வகத்தில் அழுத்தத்தை அளந்து போட்ட பட்டியல்.

வரிசை ரொம்ப முக்கியம். முதலில் உங்கள் தோட்டா ரகம், அடுத்து குண்டின் எடை, அதற்குப் பிறகுதான் மருந்து. கையில் இருக்கும் பாட்டிலை வைத்துக்கொண்டு 'இது எதுக்கு ஆகும்' என்று தேடுவது தலைகீழ்ப் பாடம்.

பொதுவான போக்கு ஒன்று உண்டு. குழலின் விட்டத்தோடு ஒப்பிடும்போது கூடு எவ்வளவு பெரிதோ, குண்டு எவ்வளவு கனமோ, அவ்வளவு மெதுவான மருந்து வேண்டும். .308 வின்செஸ்டர் நடுத்தரம். வார்கெட், ஐ.எம்.ஆர் 4064, எச் 4895 எல்லாம் அதற்கு வழக்கமான பெயர்கள். 2007-ல் வந்து போட்டிக்காரர்களின் செல்லப்பிள்ளையான 6.5 கிரீட்மோருக்கு அதைவிடக் கொஞ்சம் மெதுவான எச் 4350. பெரிய கூடு கொண்ட .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு இன்னும் மெதுவான எச் 1000, ரிடம்போ. அளவை இங்கே எழுதப்போவதில்லை. அதை எந்தக் கட்டுரையிலும், எந்த ஃபேஸ்புக் குரூப்பிலும் எடுக்கக் கூடாது. மேனுவல் மட்டும்தான்.

'பர்ன் ரேட் சார்ட்' என்று ஒரு பட்டியல் இணையத்தில் சுற்றும். வேகமானதிலிருந்து மெதுவானதுவரை மருந்துகளை வரிசைப்படுத்தியிருப்பார்கள். அது ரேங்க் லிஸ்ட் மட்டும்தான், மார்க் ஷீட் அல்ல. 90-வது இடத்துக்கும் 91-வது இடத்துக்கும் இடைவெளி மயிரிழையாகவும் இருக்கலாம், மலையாகவும் இருக்கலாம். 'பக்கத்துல இருக்கு, அதே அளவு போடலாம்' என்று யாராவது சொன்னால் அவர் பக்கத்தில் நின்று சுடாதீர்கள்.

கடையில் வாங்கிய தோட்டாவைப் பிரித்து, உள்ளே இருக்கும் மருந்து எது என்று பார்த்து வாங்கலாமா? அதுவும் முடியாது. தொழிற்சாலைகள் மொத்தமாக வாங்கும் மருந்து பெரும்பாலும் சில்லறையில் வராத ரகம். லாட்டுக்கு லாட் அதன் வேகம் மாறும். அவர்கள் அழுத்தத்தை அளந்து அளந்து அளவை மாற்றிக்கொள்வார்கள். உங்களிடம் அந்தக் கருவி இல்லை. சில்லறை பாட்டில் மருந்தைத்தான் லாட் மாறினாலும் வேகம் பெரிதாக மாறாதபடி கலந்து தருகிறார்கள்.

குச்சியா, உருண்டையா?

மேனுவலில் உங்கள் தோட்டாவுக்கு எட்டுப் பத்து மருந்துகள் பொருந்துவதாகப் போட்டிருக்கும். அதில் ஒன்றைப் பிடிப்பதில்தான் ரசனை வருகிறது.

ரைஃபிள் மருந்து பெரும்பாலும் இரண்டு வடிவம். சின்னச் சின்னக் குச்சி, அல்லது கசகசா மாதிரி உருண்டை. உருண்டை ரகம் அளவைக் கருவியில் தண்ணீர்போல ஓடும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விழும். நிறையத் தோட்டா செய்கிறவர்களுக்கு வரம். குச்சி ரகம் கருவியில் சிக்கும், நறுக் நறுக்கென்று வெட்டுப்படும். அதனால் பலர் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் போடுவார்கள். அந்தத் தராசின் அலகு 'கிரெய்ன்'. ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். நம் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி! புதிதாக வருகிறவர்களில் சிலர் கிரெய்ன் என்றால் துகள் என்று நினைத்து எண்ணப்போவார்கள். எண்ணிக்கை இல்லை, எடை.

கூட்டை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பும் மருந்தாகப் பார்த்து எடுப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரே சீராக எரியும் என்பது ஒரு லாபம். தவறுதலாக இரண்டு முறை கொட்டினால் வழிந்து கண்ணில் பட்டுவிடும் என்பது பெரிய லாபம். செல்போன் அடித்த அந்த ஒரு நிமிடத்தில் 'இதுல போட்டேனா, போடலையா' என்ற சந்தேகம் வராத ரீலோடர் கிடையாது.

வெயிலும் பனியும்

டெக்சாஸில் ஜூலை மாத வெயிலில், கார் டேஷ்போர்டில் தோட்டா டப்பாவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் என்ன ஆகும்? சூடான மருந்து வேகமாக எரியும், அழுத்தம் கூடும். குளிர்காலத்தில் உச்ச அளவுக்குப் பக்கத்தில் பார்த்துப் பார்த்துச் செய்த தோட்டா, கோடையில் எல்லை தாண்டிவிடலாம். இதற்காகவே வெப்பத்தால் அதிகம் மாறாத மருந்துகள் வந்தன. ஹாட்ஜ்டனின் 'எக்ஸ்ட்ரீம்' வரிசை அப்படிப்பட்டது. வார்கெட், எச் 4350 எல்லாம் இதில்தான் வருகின்றன. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர்கள் உயிராய் நேசிக்கும் இவை தயாராவது ஆஸ்திரேலியாவில், முல்வாலா என்ற சின்ன ஊரில். நாலு பருவமும் வேட்டைக்குப் போகிறவர்கள் இந்த வரிசைக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம், தப்பில்லை. மாதம் ஒரு ஞாயிறு ஒரே மைதானத்தில் சுடுகிறவருக்கு அவ்வளவு அவசியமில்லை.

வியட்நாமில் நடந்தது

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துத்தான் அந்த இயந்திரம் இயங்குகிறது. மருந்து மாறினால் அந்த வாயுவின் அழுத்தமும் நேரமும் மாறும். எம்-1 கேரண்டில் மிக மெதுவான மருந்தைப் போட்டால், குண்டு வெளியேறும் நேரத்திலும் அழுத்தம் அதிகமாகவே இருந்து, உள்ளே இருக்கும் நீளமான இயக்குத் தண்டையே வளைத்துவிடும்.

இதன் விலை என்ன என்று அமெரிக்க ராணுவம் வியட்நாமில் கற்றது. எம்-16 ரைஃபிளின் தோட்டா குச்சி ரக மருந்தோடு உருவானது. 1964-ல் ராணுவம் உருண்டை ரகத்துக்கு மாறியது. ரைஃபிள் சுடும் வேகம் கூடியது, உள்ளே கசடு படிந்தது. குழலின் அறைக்குக் குரோம் பூச்சு இல்லை. சுத்தம் செய்யும் கருவிகள்கூடப் பலருக்குப் போய்ச் சேரவில்லை. சண்டை நடுவே ரைஃபிள் அடைத்துக்கொண்டது. பிரித்துக்கொண்டிருந்த நிலையிலேயே செத்துக் கிடந்த வீரர்களைப் பற்றிய செய்திகள் ஊருக்கு வந்தன. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு விசாரித்து, கோளாறுகளுக்கு அந்த மருந்து மாற்றத்தை முக்கியக் காரணமாகச் சொன்னது. உருண்டை மருந்து கெட்ட மருந்தா? இல்லவே இல்லை, பிற்பாடு அதே ரகம் திருத்தங்களோடு பிரச்னை இல்லாமல் ஓடியது. அந்த ரைஃபிளுக்கு, அந்த நேரத்தில், சோதிக்காமல் மாற்றியதுதான் தப்பு.

மேஜையில் உட்கார்ந்த பிறகு

தேர்ந்தெடுத்தாயிற்று. மேனுவலின் ஆரம்ப அளவிலிருந்து தொடங்கி, துளித்துளியாக ஏற்ற வேண்டும். ஆரம்ப அளவுக்குக் கீழேயும் போகக் கூடாது. 'கம்மிதானே, பாதுகாப்புதானே' என்று தோன்றும். ஆனால், மெதுவான மருந்து பெரிய கூட்டில் பாதி காலியாக இருந்தால் கண்டபடி எரியும். குண்டு குழல் நடுவிலேயே நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் கதை முடிந்தது. போல்ட்டைத் திறக்கக் கஷ்டமாக இருக்கிறதா, ப்ரைமர் தட்டையாக நசுங்கியிருக்கிறதா, குண்டின் வேகம் மேனுவலில் உள்ளதைவிட அதிகமா... மூன்றில் எது நடந்தாலும் நிறுத்துங்கள். குண்டு, கூடு, ப்ரைமர் எதில் பிராண்டு மாறினாலும் மறுபடி கீழிருந்து வாருங்கள்.

கோவிட் காலத்தில் தொடங்கிய தட்டுப்பாட்டில், பிரபலமான மருந்துகள் மாதக்கணக்கில் கண்ணிலேயே படவில்லை. விலையும் எகிறி, ஒரு பவுண்டு பாட்டில் 50 டாலர் பக்கம் போனது. ஒரு தோட்டாவுக்கு 40 கிரெய்ன் என்று பேச்சுக்கு வைத்தால், ஒரு பாட்டிலில் 175 தோட்டா. கடைக்காரர் "அது இல்ல சார், இதுவும் அதே மாதிரிதான்" என்பார். கடை வாசலிலேயே நின்று போனில் மருந்து கம்பெனியின் பக்கத்தைத் திறந்து, உங்கள் தோட்டாவுக்கும் குண்டுக்கும் அந்த மருந்து பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம். அதனால்தான் விவரமானவர்கள் ஒரே மருந்தை நம்பாமல், முன்கூட்டியே மூன்று பெயர்களைக் குறித்துவைத்திருக்கிறார்கள்.

மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாட்டில். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே பாட்டிலில் கொட்டி, மூடி, அலமாரிக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்தது. வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது. குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பல வருடம் கெடாது. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அமில வாடை வந்தாலோ, செம்பழுப்புத் தூள் பறந்தாலோ அது கெட்டுவிட்டது. தாத்தாவின் கராஜைச் சுத்தம் செய்யும்போது லேபிள் கிழிந்த பாட்டில் ஒன்று கட்டாயம் கிடைக்கும். உள்ளே இருப்பது பார்க்க அச்சு அசலாக 4895 மாதிரியே இருக்கும். முகர்ந்து பார்த்து, விரலில் தேய்த்துப் பார்த்து அடையாளம் சொல்ல மாமா ஒருவர் வருவார். அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அந்தப் பாட்டிலில் இருப்பதை ஊர் தீயணைப்புத் துறையிடம் கேட்டு அவர்கள் சொல்கிற முறையில் அழித்துவிடுங்கள்.